புல்பென்னைத் திறடா சாமி!

டொரண்டோக்காரர்களுக்கு 2025 பேஸ்பால் வேர்ல்ட் சீரிஸ் தோல்வியின் சூடு இன்னும் ஆறவில்லை போலிருக்கிறது. இந்த முறை தபால் பையைக் கொட்டினால் ஒரே ஒப்பாரி: மேனேஜர் அந்தப் பிட்சரை ஏன் எடுத்தார், இந்தப் பிட்சரை ஏன் எடுக்கவில்லை. சனிப்பெயர்ச்சி, சர்க்கரை வியாதி, சம்பந்தி சண்டை பற்றிக் கேட்டவர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்தருள்க.

கே: பிட்சரை மாற்றினாலும் தோல்வி, மாற்றாவிட்டாலும் தோல்வி. ஒரு மேனேஜர் என்னதான் செய்ய வேண்டும்?
– ‘தூக்கம் கெட்டவன்’, ஸ்கார்பரோ

ப: ஜெயிக்க வேண்டும்.

கே: எனக்கு பேஸ்பால் சுத்தமாகத் தெரியாது. என் வீட்டுக்காரர் ராத்திரி முழுக்க ‘புல்பென், புல்பென்’ என்று அலறுகிறார். அது என்ன வியாதி?
– ‘காதில் பஞ்சு’, மார்க்கம்

ப: மைதானத்து ஓரத்தில் வேலி போட்ட ஒரு கொட்டடி. ஏழெட்டுப் பிட்சர்கள் சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். சுவரில் ஒரு போன். அது அடித்தால் ஒருவர் எழுந்து கையை உதறிப் பந்து போட்டு உடம்பைச் சூடாக்க வேண்டும். ஆட்டத்தைத் தொடங்கிய பிட்சர் களைத்ததும் இவர் ‘ரிலீவராக’ உள்ளே வருவார்.

இதில் அலற என்ன இருக்கிறது என்கிறீர்களா? கிரிக்கெட்டில் அடி வாங்கிய பந்துவீச்சாளரை ஃபைன் லெக்கில் நிறுத்திவைத்து, ஆறப்போட்டு, மறுபடி கூப்பிடலாம். இங்கே ஆட்டத்தை விட்டு வெளியே போனவர் அன்றைக்குத் திரும்பவே முடியாது. மேனேஜர் கையைத் தூக்கினால் தூக்கியதுதான். அந்த நொடியில்தான் உங்கள் வீட்டுக்காரருக்கு ரத்தம் கொதிக்கிறது.

இதையெல்லாம் புரிந்துகொண்டதாக அவரிடம் காட்டிக்கொள்ளாதீர்கள். விளக்க ஆரம்பித்துவிடுவார்.

கே: எடுக்காமல் விட்டுக் கெட்ட மேனேஜர்களில் முதல் மரியாதை யாருக்கு?
– ‘பழைய காயம்’, பாஸ்டன்

ப: உங்கள் ஊர்க்காரரைத்தான் கேட்கிறீர்கள் என்று தெரிகிறது. கிரேடி லிட்டில்.

2003 அக்டோபர் 16, யாங்கி ஸ்டேடியம். ஜெயித்தால் வேர்ல்ட் சீரிஸ். எட்டாவது இன்னிங்ஸில் பாஸ்டன் ரெட் சாக்ஸ் 5–2 என்று முன்னிலை. பிட்சர் நின்று வீசும் மேட்டில் பெட்ரோ மார்ட்டினெஸ். அவர் காலத்தின் அசுரன்தான், ஆனால் அசுரனுக்கும் தோள் ஒன்றுதானே. ஒருவர் அவுட். ஜீட்டர் டபுள் அடித்தார். பெர்னி வில்லியம்ஸ் ஒரு சிங்கிள். 5–3.

லிட்டில் எழுந்து மேட்டுக்கு நடந்தார். புல்பென்னில் இடக்கைக்கு ஆலன் எம்ப்ரீ, வலக்கைக்கு மைக் டிம்லின், இருவருமே தயார். லிட்டில் பெட்ரோவிடம் ‘முடியுமா?’ என்று கேட்டார். மானமுள்ள எந்தப் பிட்சர் ‘முடியாது’ என்பார்? தலையாட்டினார். மேனேஜர் திரும்பி நடந்தார். மாட்சுயி டபுள், பொசாடா டபுள். 5–5. அதற்குப் பிறகு பெட்ரோவை எடுத்தார்கள். அன்றைக்கு அவர் வீசியது 123 பந்து. பதினோராவது இன்னிங்ஸில் வேக்ஃபீல்ட் போட்ட முதல் பந்தை ஆரன் பூன் என்பவர் கூட்டத்துக்குள் அனுப்பி ஆட்டத்தை முடித்தார்.

லிட்டிலின் ஒப்பந்தத்தை பாஸ்டன் புதுப்பிக்கவில்லை. அடுத்த வருடமே புது மேனேஜரோடு 86 வருடப் பஞ்சத்தைத் தீர்த்துக்கொண்டது.

கே: அந்த ஆரன் பூன் இப்போது என்ன செய்கிறார்?
– நியூ ஜெர்சி வாசகர்

ப: 2018 முதல் யாங்கிஸ் மேனேஜர். புல்பென் முடிவுகளுக்காக நியூயார்க்கே திட்டித் தீர்க்கிறது.

ஆதாரம் வேண்டுமா? 2024 வேர்ல்ட் சீரிஸ் முதல் ஆட்டம், பத்தாவது இன்னிங்ஸ். காயத்திலிருந்து மீண்டு, ஒரு மாதத்துக்கு மேல் போட்டிப் பந்தே வீசாத நெஸ்டர் கோர்ட்டெஸை உள்ளே விட்டார். டிம் ஹில் தயாராக இருந்தார். கோர்ட்டெஸ் வீசியது இரண்டே பந்து. முதல் பந்தில் டாட்ஜர்ஸின் ஓட்டானி அவுட். அடுத்து மூக்கி பெட்ஸைப் பந்தே போடாமல் முதல் பேஸுக்கு அனுப்பிவைத்தார்கள். இரண்டாவது பந்தில் ஃப்ரெடி ஃப்ரீமன் கிராண்ட் ஸ்லாம். வேர்ல்ட் சீரிஸ் வரலாற்றில் ஆட்டத்தையே முடித்துவைத்த முதல் கிராண்ட் ஸ்லாம் அது.

கிரேடி லிட்டில் அன்றிரவு நிம்மதியாகத் தூங்கியிருப்பார்.

கே: சரி, எடுத்துக் கெட்டவர்?
– ‘நடுநிலை’, மிசிசாகா

ப: கெவின் கேஷ், டம்பா பே ரேஸ். 2020 வேர்ல்ட் சீரிஸ் ஆறாவது ஆட்டம், தோற்றால் ஊருக்குப் பெட்டி கட்ட வேண்டியதுதான். பிளேக் ஸ்னெல் 73 பந்தில் 9 பேரை ஸ்ட்ரைக் அவுட் செய்திருந்தார். ஒரு வாக் கூடக் கொடுக்கவில்லை. ரேஸ் 1–0 முன்னிலை. ஆறாவது இன்னிங்ஸில் அவருடைய இரண்டாவது ஹிட் விழுந்தது. கேஷ் கிளம்பிவிட்டார்.

அடுத்து வரவேண்டிய டாட்ஜர்ஸ் பேட்டர்கள் பெட்ஸ், சீகர், டர்னர் மூவரும் அன்று ஸ்னெல்லைச் சந்தித்தது மொத்தம் ஆறு தடவை. ஆறும் ஸ்ட்ரைக் அவுட்! உள்ளே வந்தவர் நிக் ஆண்டர்சன். பெட்ஸ் டபுள் அடித்தார். ஒரு வைல்டு பிட்சில் ஸ்கோர் சமம். சீகர் தட்டிய பந்தில் பெட்ஸ் வீடு வந்து சேர்ந்தார். ஆட்டம் 3–1, கோப்பை டாட்ஜர்ஸுக்கு. ஸ்னெல் போனதில் சந்தோஷம் என்று பெட்ஸே பிறகு வாய்விட்டுச் சொன்னார். மேட்டைவிட்டு இறங்கும்போது ஸ்னெல் உதிர்த்த சொல் குடும்பப் பத்திரிகைக்கு ஆகாது.

அந்த வருடம் அமெரிக்கன் லீகின் சிறந்த மேனேஜர் விருது யாருக்கு என்று கேளுங்கள். கேஷுக்கேதான். நல்ல வேளை, ஓட்டுகளை பிளே ஆஃபுக்கு முன்பே வாங்கி வைத்துவிடுகிறார்கள்.

கே: மூன்றாவது சுற்றில் பேட்டர்கள் பிட்சரைப் படித்துவிடுவார்கள், அதனால்தான் எடுக்கிறோம் என்கிறார்களே, அது கதையா, கணக்கா?
– பொறியியல் மாணவர், வாட்டர்லூ

ப: கணக்குதான், சந்தேகமே வேண்டாம். ஒரே பிட்சரை மூன்றாவது தடவை சந்திக்கும் பேட்டர்கள் முன்னைவிட நன்றாக அடிப்பார்கள். பந்து எங்கே வளையும், எப்போது மெதுவாக வரும் என்று கண்ணுக்குப் பழகிவிடுகிறது. பிட்சரும் களைத்திருப்பார். பல வருட ஆட்டங்களைக் கூட்டிக் கழித்துப் பார்த்த உண்மை இது.

ஆனால் அது சராசரி மனிதனைப் பற்றிய உண்மை. அன்றிரவு மேட்டில் நிற்பவன் சராசரியா இல்லையா என்று கண்டுபிடிக்கத்தான் மேனேஜருக்குச் சம்பளம்.

2003-இல் கணக்கைக் கேட்காத மேனேஜருக்கு வேலை போனது. 2020-இல் கணக்கைக் கேட்ட மேனேஜருக்குக் கோப்பை போனது. இரண்டு வழக்கிலும் தீர்ப்பு எழுதியது நீங்களும் நானும்தான். சோபாவில் சாய்ந்தபடி, ஸ்கோர் தெரிந்த பிறகு.

கே: அண்ணை, 2023-இல் பெரியோஸை மூன்று இன்னிங்ஸோட எடுத்த எங்கட டொரண்டோ மேனேஜர் ஷ்னைடரை நினைச்சா இப்பவும் விசர் வருது. நியாயம் சொல்லுங்கோ!
– ‘நீலச் சட்டை’, ஸ்கார்பரோ

ப: சொல்லுகிறேன், கோபிக்காதேயும்.

அக்டோபர் 4, மினியாபொலிஸ். ஹோஸே பெரியோஸ் 47 பந்து வீசியிருந்தார். 5 ஸ்ட்ரைக் அவுட். பந்து கத்தி மாதிரி வந்துகொண்டிருந்தது. நாலாவது இன்னிங்ஸில் ஒரே ஒரு வாக் கொடுத்தார். உடனே ஷ்னைடர் வந்து பந்தை வாங்கி இடக்கையர் கிகுச்சியிடம் கொடுத்தார். எதிரணியான ட்வின்ஸில் இடக்கை பேட்டர்கள் நிறைய. ஆட்டம் தொடங்குமுன்பே போட்டுவைத்த திட்டம் அது. ட்வின்ஸ் அந்த இன்னிங்ஸில் இரண்டு ரன் எடுத்தது. இது மேலிடத்து உத்தரவா, மேனேஜர் மூளையா என்று நாடே பட்டிமன்றம் வைத்தது.

மோசமான முடிவுதான். ஆனால் அன்றைய ஸ்கோரை முழுசாக வாசியும்: 2–0. அந்தப் பூஜ்யம் நம்மட ஆக்கள் பேட்டால் எழுதினது. புல்பென்னுக்குள் பெட்ரோ மார்ட்டினெஸே இருந்தாலும் ரன்னே எடுக்காமல் வெல்லேலாது.

கே: அதற்கு முந்தின வருடம் சியாட்டிலிடம் தோற்றதற்கும் புல்பென்தானே காரணம்?
– ‘எனக்கும் காயம்’, பிராம்ப்டன்

ப: 8–1 என்று முன்னிலையில் இருந்து 10–9 என்று தோற்க ஓர் ஆள் போதாது. கூட்டு முயற்சி வேண்டும். பேஸ் நிறைய ஆட்கள் நிற்க, காஸ்மனை எடுத்துவிட்டு டிம் மேஸாவைக் கொண்டுவந்தார்கள். முதலில் ஒரு வைல்டு பிட்ச், பிறகு சான்டானாவின் மூன்று ரன் ஹோம் ரன். அதுவரை புல்பென்னைத் திட்டலாம். எட்டாவது இன்னிங்ஸில் அந்தரத்தில் தொங்கிய ஒரு பந்துக்காக ஸ்பிரிங்கரும் பிஷெட்டும் முட்டிக்கொண்டு விழ, மூன்று பேர் வீடு போய்ச் சேர்ந்தார்களே, அந்த மோதலுக்கு எந்த மேனேஜரைத் திட்டுவது?

கே: மேனேஜர் மேட்டுக்கு நடந்து போய் அப்படி என்னதான் பேசுவார்?
– மாணவி, ஒட்டாவா

ப: கையுறையால் வாயை மூடிக்கொண்டு பேசுவதால் ரகசியம் காக்கப்படுகிறது. பிட்சரை மாற்றாமல் சும்மா பேசிவிட்டுத் திரும்பும் நடைக்கு இப்போது வரம்பு உண்டு. 2018-இல் ஆட்டத்துக்கு ஆறு என்று வைத்தார்கள், தேய்ந்து தேய்ந்து நாலுக்கு வந்துவிட்டது. ஒரே இன்னிங்ஸில் அதே பிட்சரிடம் இரண்டாவது முறை போனால் அவரை எடுத்தே ஆக வேண்டும்.

சம்பந்தி வீட்டுக்குப் போகிறவர்களுக்கும் இப்படியொரு விதி இருந்தால் தேவலை.

கே: மேனேஜர் ஏன் விளையாட்டு வீரர் மாதிரி உடுத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்? களமிறங்கும் ஆசையா?
– தையல்காரர், எட்டோபிகோ

ப: பழைய வழக்கம். அதற்கு மசியாதவரும் உண்டு. கானி மேக் என்ற பெரியவர் 1901 முதல் 1950 வரை ஃபிலடெல்ஃபியா அத்லெட்டிக்ஸுக்கு மேனேஜர். ஐம்பது வருடமும் கோட்டு சூட்டுதான். அணியில் அவருக்குப் பங்கும் உண்டு. முதலாளியின் உடுப்பைப் பற்றி யார் கேட்பது?

கே: நல்ல பிட்சரை ஒன்பதாவது இன்னிங்ஸுக்கென்று பூட்டி வைக்கும் பழக்கத்தை எந்தப் புண்ணியவான் தொடங்கினார்?
– ‘குளோசர் எங்கே?’, வான்

ப: எங்கள் இனத்தான். ஜெரோம் ஹோல்ட்ஸ்மன் என்ற சிகாகோ பத்திரிகைக்காரர். கடைசியில் வந்து வெற்றியைக் காப்பாற்றும் பிட்சர்களுக்குப் பெயரில்லையே என்று இரக்கப்பட்டு ‘சேவ்’ என்றொரு கணக்கை வகுத்தார். 1969-இல் அது அதிகாரபூர்வமானது. இன்றைய விதிப்படி, மூன்று ரன்னுக்குள் முன்னிலை இருக்கும்போது வந்து கடைசி இன்னிங்ஸை முடித்துவைத்தால் கணக்கில் ஒரு சேவ் ஏறும்.

ஏறியது கணக்கு மட்டுமா? சேவ் ஏற ஏற சம்பளமும் ஏறியது. எண்பதுகளின் கடைசியில் ஓக்லண்டின் டோனி லா ரூஸா, டெனிஸ் எக்கர்ஸ்லியை ஒன்பதாவது இன்னிங்ஸுக்கு மட்டும் என்று ‘குளோசராக’ ஒதுக்கினார். எக்கர்ஸ்லி 1992-இல் சிறந்த பிட்சர் விருதையும் லீகின் மிகச் சிறந்த வீரர் விருதையும் சேர்த்து வாங்கினார். விடுவார்களா மற்றவர்கள்? ஊரெல்லாம் அதே பூட்டு.

ஏழாவது இன்னிங்ஸில் பேஸ் நிறைய ஆட்கள் நிற்கும்போது வீடு பற்றி எரியும். தீயணைப்பு வண்டி மட்டும் ஒன்பது மணிக்குத்தான் வரும். கேட்டால் அதுதான் டூட்டி டைம். பத்திரிகைக்காரன் கண்டுபிடித்த ஒரு எண் ஆட்டத்தையே ஆட்டிவைக்கிறது. எங்கள் பேனாவுக்கு இத்தனை செல்வாக்கா என்று எனக்கே கொஞ்சம் கர்வமாக இருக்கிறது.

கே: புல்பென் போனில் பேசி ராங் நம்பர் ஆனதுண்டா?
– தொலைபேசி நிறுவன ஊழியர்

ப: பேஷாக. அதே லா ரூஸாதான், 2011 வேர்ல்ட் சீரிஸ் ஐந்தாவது ஆட்டம், டெக்சஸ். கூட்டத்தின் இரைச்சல் காதைப் பிளக்கிறது. இவர் போனில் கேட்டது ஜேசன் மாட்டை. மறுமுனையில் கேட்டதோ லின் என்று. லான்ஸ் லின் மேட்டுக்கு வந்து நின்றதைப் பார்த்து லா ரூஸாவே திகைத்துப்போனார். அன்றைக்கு லின்னுக்கு ஓய்வு தருவதாக இருந்தது. வந்தவரைச் சும்மா அனுப்ப விதி இடம் கொடுக்காது. வேண்டுமென்றே நாலு பந்து வெளியே போட்டு ஒரு வாக் கொடுத்துவிட்டுப் போனார். அந்த ஆட்டம் தோல்வி, கோப்பை என்னவோ லா ரூஸாவுக்குத்தான்.

இன்னொரு கதை. 1966-இல் மோ டிராபோவ்ஸ்கி என்ற பால்டிமோர் பிட்சர், எதிரணியான கேன்சஸ் சிட்டியின் புல்பென்னுக்குப் போன் போட்டு, அந்த அணி மேனேஜரின் குரலில் ‘லூ க்ராஸைத் தயார் பண்ணு’ என்று உத்தரவு போட்டார். க்ராஸும் எழுந்து பந்து போட ஆரம்பித்துவிட்டார். சில அணிகளுக்கு இந்த ஏற்பாடு இன்றைய மேனேஜரைவிட நன்றாகவே வேலை செய்யும்.

கே: ஒரு பேட்டருக்கு ஒரு பிட்சர் என்று மாற்றி மாற்றி உயிரை எடுத்த காலம் போய்விட்டதா?
– ‘விளம்பர இடைவேளை’, ஏஜாக்ஸ்

ப: 2020-இல் போய்விட்டது. வந்த பிட்சர் மூன்று பேட்டர்களையாவது சந்திக்க வேண்டும், அல்லது அந்த இன்னிங்ஸ் முடிய வேண்டும். அதற்கு முன் ஒரே ஒரு இடக்கை பேட்டரை அவுட் செய்துவிட்டுக் குளிக்கப் போவதற்கென்றே சம்பளம் வாங்கிய இடக்கைக்காரர்கள் இருந்தார்கள். உலகத்திலேயே சுகமான உத்தியோகம் அது.

கே: இந்தியாவிலிருந்து ஒரு பிட்சர் வந்தால் நம் கஷ்டம் தீராதா மாமா?
– ‘பச்சை நம்பிக்கை’, சென்னை

ப: வந்தார்களே! ரிங்கு சிங், தினேஷ் படேல். ஈட்டி எறிந்துகொண்டிருந்த உத்தரப் பிரதேசத்துப் பையன்கள். டிவி போட்டி ஒன்றில் தேர்வாகி 2008-இல் பிட்ஸ்பர்க் பைரேட்ஸோடு ஒப்பந்தம் போட்டார்கள். மேஜர் லீக் வரை எட்டவில்லை. ரிங்கு பிறகு மல்யுத்த மேடைக்குப் போய்விட்டார். மேனேஜர் எடுத்துவிடுவாரோ என்ற கவலை அங்கே கிடையாது.

அவர்கள் கதை 2014-இல் ‘மில்லியன் டாலர் ஆர்ம்’ என்று படமானது. இசை ஏ.ஆர். ரஹ்மான். பேஸ்பாலுக்குச் சென்னையின் பங்களிப்பு, இன்றைய தேதிக்கு, பின்னணி இசை.

கே: எங்கள் மேனேஜர் டேவ் ராபர்ட்ஸைத் திட்டலாமா, கூடாதா? லாஸ் ஏஞ்சலஸில் இதற்காகவே குடும்பங்கள் பிரிகின்றன.
– டாட்ஜர்ஸ் ரசிகை, கலிஃபோர்னியா

ப: 2018 வரை போய்ப் பாருங்கள். வேர்ல்ட் சீரிஸ் நாலாவது ஆட்டத்தில் ரிச் ஹில் ஒரே ஹிட் கொடுத்து 4–0 முன்னிலையில் இருந்தபோது ராபர்ட்ஸ் அவரை எடுத்தார். ஆட்டம் 9–6 என்று கவிழ்ந்தது. அமெரிக்க ஜனாதிபதியே ட்விட்டரில் குறை சொன்னார்! அடுத்த வருடம் பிட்சர் கெர்ஷாவை எட்டாவது இன்னிங்ஸில் விட்டுவைத்தார். ரெண்டோன், சோட்டோ அடுத்தடுத்து ஹோம் ரன். எடுத்ததற்கும் ஏச்சு, எடுக்காததற்கும் ஏச்சு. எல்லாம் பன்னிரண்டே மாதத்துக்குள்.

பிறகு 2020, 2024, 2025 என மூன்று கோப்பை. 2025-இல் ஆறாவது ஆட்டத்தைத் தொடங்கி 96 பந்து வீசிய யமமோட்டோவை மறுநாளே ஏழாவது ஆட்டத்தின் கடைசி நேரத்தில் இறக்கினார். அவர் மேலும் எட்டுப் பேரை அவுட் ஆக்கி, பதினோராவது இன்னிங்ஸில் டொரண்டோவின் கதையை முடித்துவைத்தார். இப்போது ராபர்ட்ஸ் மகான். ஒரு பந்து நாலு அங்குலம் மேலே போயிருந்தால் அந்த இளைஞனின் தோளைப் பலி கொடுத்த பாவி.

இன்னொன்று: 2004-இல் பாஸ்டனுக்காக மரியானோ ரிவேராவின் கண்ணெதிரே இரண்டாவது பேஸைத் திருடி, அந்தத் தொடரையே திருப்பிப் போட்டவரும் இதே ராபர்ட்ஸ்தான். 652 சேவ் எடுத்த மகா குளோசரையே கவிழ்த்த அனுபவம் அது. அதனால்தானோ என்னவோ எந்தக் குளோசரையும் முழுசாக நம்ப மாட்டேன் என்கிறார்.

கே: 2025 பிளே ஆஃபில் ஷ்னைடர் பிரெண்டன் லிட்டிலைக் கொண்டுவந்த அந்த எட்டாவது இன்னிங்ஸை மன்னிப்பீர்களா?
– ‘இன்னும் எரியுது’, பிக்கரிங்

ப: சியாட்டிலில் ஐந்தாவது ஆட்டம். லிட்டில் வந்தவுடன் ராலே ஹோம் ரன், பிறகு சுவாரெஸின் கிராண்ட் ஸ்லாம். 6–2 தோல்வி. ஊரே ஷ்னைடருக்குச் சாபம் விட்டது. (லிட்டில் என்ற பெயருக்கும் எட்டாவது இன்னிங்ஸுக்கும் ஜாதகப் பொருத்தமே இல்லை போலும்.)

சரி, ஏழாவது ஆட்டம் நினைவிருக்கிறதா? ஏழாவது இன்னிங்ஸில் இரண்டு பேர் பேஸில் நிற்க, சியாட்டில் மேனேஜர் டான் வில்சன் தன் ஒன்றாம் நம்பர் ரிலீவர் முன்யோஸை உட்கார வைத்துவிட்டு பசார்டோவைக் கூப்பிட்டார். ஸ்பிரிங்கர் மூன்று ரன் ஹோம் ரன் அடித்தார். 4–3. டொரண்டோ வேர்ல்ட் சீரிஸுக்குப் போனது.

ஷ்னைடருக்கு வசைக் கடிதம் எழுதிய உங்களில் எத்தனை பேர் வில்சனுக்கு நன்றிக் கடிதம் போட்டீர்கள்?

கே: கடைசியாக ஒன்று. மன்னிக்கவே முடியாத புல்பென் தவறு எது? நழுவாமல் சொல்லவும்.
– ‘விடமாட்டேன்’, ஸ்கார்பரோ

ப: நழுவவில்லை. லிட்டிலுக்குப் பெட்ரோ மேல் பாசம். கேஷிடம் கணக்கு இருந்தது. ராபர்ட்ஸுக்குத் துணிச்சல். தோற்றாலும் ஒரு காரணம் சொல்லலாம். காரணமே சொல்ல முடியாதது ஒன்றுதான்: கையில் இருக்கும் மிகச் சிறந்த பிட்சரை இறக்காமலே தோற்பது.

2016 அக்டோபர் 4, டொரண்டோ. தோற்றவர் வெளியே என்ற வைல்டு கார்டு ஆட்டம். பால்டிமோர் மேனேஜர் பக் ஷோவால்டர். அவருடைய குளோசர் ஜாக் பிரிட்டன் அந்த சீசனில் 47 சேவ் வாய்ப்பில் 47-ஐயும் காப்பாற்றியவர். 67 இன்னிங்ஸில் அவர் கணக்கில் விழுந்த ‘ஏர்ன்டு ரன்’ (ஃபீல்டர் பிழையால் வராத ரன்) நாலே நாலு. ஸ்கோர் 2–2. எட்டு, ஒன்பது, பத்து என்று இன்னிங்ஸ் போகிறது. ஷோவால்டர் ஒருவர் மாற்றி ஒருவராக ரிலீவர்களை அனுப்புகிறார். பிரிட்டன் கையைச் சூடாக்கிக்கொண்டு காத்திருக்கிறார். முன்னிலை கிடைக்கட்டும், சேவ் வரட்டும் என்று அவரைப் பொத்திப் பொத்தி வைத்தார்கள். கிடைத்தால்தானே!

பதினோராவது இன்னிங்ஸ். ஆறாவது ரிலீவராக உபால்டோ ஹிமெனெஸ். ஒரு சிங்கிள், இன்னொரு சிங்கிள். அடுத்து வந்த எட்வின் என்கார்னசியான் முதல் பந்தையே மேல்மாடிக்கு அனுப்பினார். 5–2. பால்டிமோரின் சீசன் அத்தோடு சரி. டொரண்டோவில் அன்றிரவு புல்பென் நிர்வாகத்தைக் குறை சொன்னவர் ஒருவருமில்லை.

அந்த ஆட்டத்தில் பிரிட்டன் வீசிய பந்துகள்: 0.